உன் வீரகாவியத்தில் நான்

ஒரு காலத்தில் என் அறையில் இருந்தவனுக்கு,

உன் பட்டமளிப்பு விழாப் பேச்சை எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர் கைப்பேசியில் ஓட்டினார். நம் கல்லூரி நாட்களைப் புராண வீரனின் பயணமாக்கிவிட்டாய். விடுதி காடாம், பேராசிரியர் அரக்கராம், வாய்மொழித் தேர்வு அவருடைய குகையாம். கரப்பான்பூச்சிக்குப் பயந்து என் கட்டிலில் ஏறி நின்ற வீரன் நீ. பேச்சில் அதைக் காணோம்.

போகட்டும். "கூட வந்தவன் பயத்துல வாயடைச்சுப் போயிட்டான், அவனையும் நான்தான் கரை சேர்த்தேன்" என்றாயே, எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தேர்வில் நம் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துத்தான் கேட்டார். எனக்குப் பயமில்லை. பதிலை மனதில் கோத்துக்கொண்டிருந்தேன். நான் வாய் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய், ஒவ்வொரு கேள்விக்கும். வெளியே வந்ததும், "மச்சான், உன்னைக் காப்பாத்திட்டேன்டா" என்று தோளில் தட்டினாய். இருந்த ஒரே ஆராய்ச்சி இடம் உனக்குப் போனது. நான் இன்னும் பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்துகிறேன்.

அதற்காக எழுதவில்லை. திங்கட்கிழமை ஒரு பெண் தன் ஆய்வேட்டோடு உன் முன்னால் வந்து உட்காருவாள். என் மகள். உன்னை எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்லவில்லை. "தேர்வாளர் ரொம்பப் பொறுமைசாலியாம்ப்பா" என்றாள். தலையாட்டி வைத்தேன்.

சலுகை வேண்டாம். எவ்வளவு கடினமாக வேண்டுமானாலும் கேள். ஆனால் அவள் உடனே பேசமாட்டாள். பேனா மூடியைக் கழற்றுவாள், மாட்டுவாள், மறுபடி கழற்றுவாள். அதைப் பயம் என்று எண்ணி அடுத்த கேள்விக்குத் தாவிவிடாதே. அவளுக்குப் பதில் தெரியும்.

அது வரும்வரை, தயவுசெய்து, வாயை மூடிக்கொண்டு இரு.

அவளுடைய அப்பா