சம்பந்தி சட்டியைத் திறக்கிற இடம்

மதினி,

நேற்று மத்தியானம் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு டிவியில் நம் படம் ஓடுவது கேட்டது. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் மழையில் ஒரே வீட்டுக்குள் மாட்டிக்கொண்டு மல்லுக்கட்டுவார்களே, அந்தப் படம். எப்போது போட்டாலும், "மதினி, போட்டுட்டான், டிவியைப் போடுங்க" என்று ஜெகதாப்பட்டினத்திலிருந்து உங்கள் போன் வந்துவிடும். நேற்று துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, வெயிலில் நின்றபடியே வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீங்கள் முதன்முதலாகக் குளத்தூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்த அன்றும் அதுதான் ஓடியது. என் மகளும் உங்கள் மகனும் திருச்சியில் ஒரே ஆபீசில் வேலை பார்த்து, கட்டினால் இவரைத்தான், இவளைத்தான் என்று நின்றுவிட்டார்கள். நாங்கள் வயல்காரர்கள். நீங்கள் கடலுக்குப் போகிறவர்கள், வேதக்காரர்கள். என் வீட்டுக்காரர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் வீட்டுக்காரர் ஃபேனைப் பார்த்தார். காபி ஆறிப்போனது. அந்த அமைதி தாங்காமல் என் மகள் டிவியைப் போட்டாள். வீம்புக்குச் சாப்பிடாமல் கிடந்த சம்பந்தி, ஆளில்லாத நேரம் பார்த்து அடுப்படிக்குள் நுழைந்து குழம்புச் சட்டியைத் திறக்கிற இடம். நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்தினீர்கள். தோள் குலுங்கியது. உங்களைப் பார்த்து நானும் சிரித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

"அண்ணன் கோவிச்சுக்கிட்டாங்களா?"

"அவுக அப்படித்தான்."

"அப்பச் சரி. சாப்பாட்டு நேரத்துக்கு வந்துருவாங்க" என்றீர்கள்.

கல்யாணத்துக்கு வந்தார், விருந்தாளி மாதிரி நின்றார். உங்கள் வீட்டுப் படியை மட்டும் மிதிக்கவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் நான்தான் அறந்தாங்கியில் பஸ் மாறித் தனியாக வருவேன்.

"அண்ணன் வரலையா?"

"போரு மோட்டாரு ரிப்பேரு மதினி. மெக்கானிக் வந்திருக்காரு."

"எத்தனை வருசமா அந்தப் போரு ரிப்பேரு?"

சிரிப்பீர்கள். ஆனாலும் அவருக்கென்று இறால் தொக்கை டப்பாவில் போட்டுக் கொடுப்பீர்கள். அவர் அதைத் தொட்டதில்லை. நீங்கள் கேட்டால், "நல்லா இருந்துச்சாம்" என்பேன்.

இனி வைத்தியம் பார்த்துப் பலனில்லை என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சொல்லி உங்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "அண்ணனை ஒருவாட்டி கூட்டிட்டு வாங்க மதினி. நம்ம வீட்டுல ஒரு வாய் சாப்புடட்டும். புள்ளைகளுக்கு அது நல்லது." அன்று நீங்கள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன்.

"அறுப்பு முடியட்டும்" என்றார்.

அறுப்பு மிஷின் வயலில் இறங்கிய அன்று காலையில் மாப்பிள்ளை போன் செய்தார்.

அவர் வந்தார், மதினி. அறுப்பை அப்படியே போட்டுவிட்டு வந்தார். தெருவிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். "சம்பந்தி மேல எவ்வளவு பாசம் பாருங்க" என்று உங்கள் சொந்தக்காரப் பெண் ஒருத்தி சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இப்போது மாசம் தவறாமல் உங்கள் வீட்டுக்காரரைப் பார்க்கப் போகிறார். அவர் போடுகிற சோற்றைச் சாப்பிடுகிறார். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதில்லையாம். கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறார். "அப்பா மாறிட்டாரும்மா, விட்டுரு" என்கிறாள் மகள். நல்லதுதான். பிள்ளைகளுக்கு நிம்மதி. அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. இவ்வளவு லேசான காரியத்துக்கா உங்களை அத்தனை வருசம் காக்க வைத்தார்?

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அந்தம்மா எம்மேல வருத்தத்தோட போயிருக்குமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். உங்களைத் தெரிந்தவள் நான். அது உண்மையாகவும் இருந்திருக்கும்.

"எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

நீங்கள் அவரை எப்போதோ மன்னித்திருப்பீர்கள். எனக்குத்தான் அந்த மனசு இன்னும் வரவில்லை, மதினி.