பதினாலாம் கேள்விக்கு ஓம் என்று போடு

லா சப்பல், பாரிஸ்
06.11.2025, வியாழன்

அன்பு மகள் சாம்பவிக்கு அப்பா எழுதுவது. கோயில் அம்மாளின் காவலில் நாங்கள் மூன்று பேரும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகன் கஜனும் அந்தச் சிக்காகோக் குளிருக்குள் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு, ஆனால் படி ஏறும்போது என் பரம்பரையையே திட்டிக்கொண்டுதான் ஏறுகிறாள், லிப்ட் பழுதானதற்கும் நான்தான் காரணமாம். தம்பி கிருஷிகனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, மீசை விட்டிருக்கிறான், பார்க்கச் சகிக்கவில்லை. நான் வழக்கம்போல ரூ காய் தெருக் கடையில் மரக்கறிப் பெட்டி இறக்குகிறேன், வெண்டிக்காய் என்ன விலை என்று மட்டும் கேட்காதே, நீ அங்கேயே மயங்கி விழுவாய். அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார், ரெலிபோன் பழுதோ என்று நினைப்பாய். பழுதில்லை பிள்ளை. வாயால் சொல்ல இரண்டு தரம் சந்தர்ப்பம் தந்தாய், இரண்டு தரமும் பொய் சொன்னேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நல்ல கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுச் சுயமாகப் பங்கு வாங்கி விற்கப் போகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்கு நித்திரை ஒழுங்கில்லை, அது உனக்குத் தெரியும். இதெல்லாம் சூது என்று நான் சொன்னதற்கு நீ மூன்று நாள் கதைக்கவில்லை. பிறகு நீயே ஆறுதலாக விளங்கப்படுத்தினாய். ஒரு பங்குக் கம்பனியின் கணக்குக்குள் இருந்து பெரிய அளவில் செய்ய லைசென்ஸ் வேண்டும், லைசென்சுக்குப் பரீட்சை எழுத வேண்டும், அந்தப் பரீட்சைக்கு அந்தக் கம்பனியே உன்னை ஸ்பொன்சர் பண்ண வேண்டும், தனி ஆளாகப் போனால் பரீட்சை மண்டபத்துக்குள்ளேயே விடமாட்டார்கள் என்று சொன்னாய். பத்துக் கம்பனி மாட்டோம் என்று சொல்லி, பதினோராவது கம்பனி சரி என்ற அன்று நீ சின்னப்பிள்ளை மாதிரிக் கத்தினது இன்னும் காதுக்குள் நிற்கிறது. நானும் வெட்கமில்லாமல் அடுத்த நாளே கடையில் எல்லாருக்கும் மகள் அமெரிக்காவில் ஷெயர் லைசென்ஸ் எடுக்கிறாள் என்று சொல்லிப்போட்டேன். அதற்குப் பிறகுதான் அந்தப் படிவம் வந்தது. இருந்த வீடுகள், செய்த வேலைகள், கைரேகை, எல்லாம் கேட்டு, பதினாலாம் கேள்வியில், கடந்த பத்து வருடத்தில் உன் பொறுப்பில் இருந்த நிறுவனம் ஏதும் கடன் கட்ட முடியாமல் வங்குரோத்தானதா என்று கேட்டிருக்கிறார்கள். போன ஞாயிறு நீ அதைச் சிரித்துக்கொண்டுதான் வாசித்துக் காட்டினாய். அப்பா, என்ர பேரிலை எப்பவாவது ஏதும் இருந்ததோ என்று கேட்டாய். இல்லை என்றேன். வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ என்று திரும்பவும் கேட்டாய். இல்லையெண்டுதானே சொல்லுறன், அலட்டாதை என்று சத்தம் போட்டேன். சாம்பவி, இருந்தது.

எங்கள் கடைதான். அதற்கு முன் கூட்டாளி குகதாசனோடு பங்குக்கு நடத்திய கடையில் வரி கட்டாமல் விட்டதால் வங்கிகளில் என் பெயர் கெட்டுப் போயிருந்தது, உனக்கு அது தெரியும். நான் எங்கள் ஆட்கள் பலர் செய்வதையே செய்தேன். பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகி பிரெஞ்சுக் குடியுரிமையும் இருந்தால் கடையைப் பிள்ளையின் பெயரில் பதிவதை இங்கே யாரும் பிழையாக நினைப்பதில்லை, பிள்ளைக்குச் செய்யும் பெருமை என்றுதான் நினைப்பார்கள். நீ அப்போது பள்ளிக்கூடப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மேசையில் அந்தப் பத்திரங்களைக் கொண்டுவந்து வைத்தேன். ஆறு மாதத்துக்குத்தான், பிறகு அம்மாவின்ர பேருக்கு மாத்திப்போடுவன் என்றேன். நீ வாசித்துவிட்டு வைக்கிறேன் என்றாய். அப்பாவை நம்பேல்லையோ என்று கேட்டேன். அதோடு நீ வாசிக்காமலே கையெழுத்து வைத்தாய். ஆறு மாதம் கழித்து மாற்றிவிட்டேன் என்று சொன்னேனே, மாற்றவில்லை. கணக்குப் பார்க்கிறவர் அதற்குக் கேட்ட காசில் ஒரு மாத வாடகையைக் கட்டலாம் என்று தள்ளிப் போட்டேன், பிறகு அது அப்படியே கிடந்தது. நீ அமெரிக்கா போன வருடம் கடையை விற்றுவிட்டோம் என்று சொன்னது அதைவிடப் பெரிய பொய். விற்கவில்லை. வாடகைப் பாக்கியும் வரிப் பாக்கியும் முட்டி, நீதிமன்றம் கடை வங்குரோத்து என்று தீர்த்து மூடியது. பொறுப்பாளர் என்ற இடத்தில் உன் பெயரும் பிறந்த திகதியும் இருக்கிறது. வந்த பதிவுத் தபால் எல்லாம் உன் பெயருக்குத்தான் வந்தது. தபால்காரருக்கு என்னைத் தெரியும் என்பதால் நானே உன் கையெழுத்தைப் போட்டு வாங்கினேன். உன் எஸ் எழுத்தின் வாலைக் கடதாசியில் பழகிப் பழகிப் போட்டேன், அது இப்போதும் கைக்கு வருகிறது. எழுதவே அருவருப்பாக இருக்கிறது.

நான் ஏன் இப்போதும் மறைத்தேன் என்று கேட்பாய். முதலில் பயம், பிறகு கெப்பர், வீண் பெருமை. கம்பனிக்காரர் இதைக் கேள்விப்பட்டால் உன்னைக் கைவிட்டுவிடுவார்களோ, வேலையையும் விட்டுவிட்ட பிள்ளை நடுத்தெருவில் நிற்பாளோ, அதற்குக் காரணம் நான்தான் என்று மருமகன் நினைப்பாரோ என்றெல்லாம் யோசித்தேன். ஆனால் அன்றைக்கு நீயே ஒன்று சொன்னாய். ஓம் என்று எழுதினால் விளக்கம் கேட்பார்கள், சில வேளை வேண்டாம் என்றும் சொல்வார்கள், ஆனால் தெரிந்துகொண்டே இல்லை என்று எழுதிப் பிடிபட்டால் அந்தத் தொழிலுக்குள்ளேயே பிறகு காலெடுத்து வைக்க முடியாது என்றாய். அதுதான் நாலு நாளாக என்னைத் தின்கிறது. இருபத்தோராம் திகதிக்குள் படிவம் போக வேண்டும் என்று சொன்னாய். நீதிமன்றத் தீர்ப்பையும் கடை மூடிய பத்திரத்தையும் இதோடு வைக்கிறேன். பிரெஞ்சில் என் கைப்பட ஒரு வாக்குமூலமும் இருக்கிறது, கடையை நடத்தியது நான், தபால்களுக்கு மகளின் கையெழுத்தைப் போட்டதும் நான், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதியிருக்கிறேன். பிழைகள் இருக்கும், திருத்தாதே. இதனால் எனக்கு இங்கே வில்லங்கம் வந்தால் வரட்டும். கம்பனிக்காரர் என்னோடு கதைக்க வேண்டும் என்றால் நம்பரைக் கொடு, என் இங்கிலிசைக் கேட்டு அவர்களும் கொஞ்சம் சிரிக்கட்டும்.

சனிக்கிழமை. மேலே எழுதியதை நேற்று அம்மாவுக்கும் தம்பிக்கும் வாசிக்கக் கொடுத்தேன். அம்மா முழுவதும் வாசித்துவிட்டுக் கடிதத்தை என் பக்கம் தள்ளினாள். பிள்ளையின்ர கையெழுத்தையோ என்று மட்டும் கேட்டாள். கிருஷிகன் பிரெஞ்சில் ஒரு சொல் சொன்னான், அதை நான் எழுதமாட்டேன். இவ்வளவு தூரத்தில் இருக்கிற கம்பனிக்கு இது எப்படியடா தெரியவரும் என்று அவனைக் கேட்டேன். அவன் தன் ரெலிபோனில் உன் பெயரைத் தட்டினான், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை பிள்ளை, கடையின் பெயர், உன் பெயர், நீ பிறந்த மாதம், கடை வங்குரோத்தான திகதி, எல்லாம் வரிசையாக வந்து நின்றது. இது எல்லாருக்கும் திறந்து கிடக்குது அப்பா, அக்கா இதைப் பாக்காமலோ உங்களைக் கேட்டிருப்பா என்றான். ஒரு கம்பனியின் ஐந்து வருடக் கணக்கைத் தோண்டிப் பார்க்காமல் பத்து டொலருக்குப் பங்கு வாங்காத பிள்ளை நீ. உன் பெயரை நீ தேடாமல் விட்டிருப்பாயா. நீ பார்த்துவிட்டுத்தான் கேட்டாய். சொல்லுவேனோ என்று பார்த்தாய், நான் சத்தம் போட்டேன், நீயும் சரி அப்பா என்று சொல்லிவிட்டு அம்மாவின் முழங்காலைப் பற்றிக் கேட்டாய்.

அதை நினைக்க நினைக்க இப்போது எனக்கு வேறு ஒரு பயம் வந்திருக்கிறது. அப்பா இல்லை என்று சொல்லிவிட்டார், அவர் சொன்னதே இருக்கட்டும், அவரை ஏன் வெளியில் இழுக்க வேண்டும் என்று நீ இல்லை என்றே எழுதிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. நீ அப்படிச் செய்யக்கூடிய பிள்ளை, ஒரு தரம் என் சொல்லுக்காகச் செய்தவள். இந்த முறை செய்யாதே. கம்பனி உன்னை வேண்டாம் என்று சொன்னாலும் பரவாயில்லை, இன்னொரு கம்பனி தேடலாம், அல்லது பழைய வேலைக்குப் போகலாம், எனக்காக மட்டும் பொய் எழுதாதே. மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, அதைக் கேட்க எனக்கு வாயில்லை.

நாளை ஞாயிறு வழக்கமான நேரத்துக்கு ரெலிபோன் எடுப்பேன். இந்தக் கடிதம் வர நாலைந்து நாள் செல்லும், அதற்கு முதல் வாயாலும் சொல்லியாக வேண்டும். நான் சொல்லத் தொடங்கும்போது, தெரியும் அப்பா என்று சொல்லி என்னை இடையில் நிறுத்திவிடாதே, முழுவதையும் சொல்ல விடு. நேரத்துக்குச் சாப்பிடு, திரைக்கு முன்னால் இருந்தபடி சாப்பிடாதே, காதை மூடிக்கொண்டு வெளியில் போ. மருமகனுக்கு இதை நீயே எடுத்துச் சொல்லு, என் பக்கம் பூசி மெழுகாமல் சொல்லு. அம்மாள் உங்கள் இருவருக்கும் எப்போதும் துணை நிற்கட்டும், பரீட்சை நல்லபடி முடியட்டும். பதினாலாம் கேள்வியில் ஓம் என்ற பெட்டிக்குள் புள்ளடி போட்டுவிட்டேன் என்று அம்மாவுக்கு ஒரு வார்த்தை அனுப்பு, எனக்கு அனுப்பாவிட்டாலும் காரியமில்லை.

இப்படிக்கு
உன்னை வாசிக்க விடாத அப்பா
க. ஸ்ரீஸ்கந்தராசா