கூப்பிட்டால் கேட்கும்

12 ஜனவரி 1992

அன்புள்ள டீச்சருக்கு,

இங்கு நான் நலம். உன் இடுப்பு எப்படி இருக்கிறது? உன் தங்கை வீட்டில் போய் இறங்கியதும் ஒரு வரி போடுவாய் என்று பார்த்தேன். தபால்காரர் இப்போதெல்லாம் என்னைக் கண்டாலே ஒதுங்கிப் போகிறார். கோபம் கோபமாக இருக்கட்டும், மாத்திரையை வேளாவேளைக்குச் சாப்பிடு.

வீடு வீடாக இல்லை. பால் பொங்கி அடுப்பே அணைந்துபோகிறது. துவைத்த சட்டையையும் துவைக்காத சட்டையையும் முகர்ந்து பார்த்துத்தான் பிரிக்கிறேன்.

புது ஆம்ப்ளிஃபயர் முக்கால்வாசி முடிந்துவிட்டது. வலது பக்கம் சத்தம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. இடது பக்கத்தில்தான் மெல்லிய உறுமல். பாட்டு ஓடும்போது தெரியாது, நின்றதும் தெரியும். டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி வைத்துப் பார்த்தேன், எர்த் வயரை மாற்றிப் பார்த்தேன், மசியவில்லை. மின் நிலையத்தில் அவ்வளவு பெரிய இயந்திரங்களை அடக்கி ஓட்டியவனுக்கு இந்தச் சின்னப் பெட்டி தண்ணி காட்டுகிறது. நீ வருவதற்குள் சரிசெய்துவிடுவேன். முதல் பாட்டை நீதான் கேட்க வேண்டும்.

எப்போது வருகிறாய்?

உன்,
என்ஜினியர்


20 ஜனவரி 1992

என்ஜினியர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இடுப்புக்கு ஒரு வரி, உறுமலுக்கு ஒரு பத்தி. பரவாயில்லை, எனக்கும் ஒரு வரி கிடைத்ததே.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போகிறேன். மாடிப்படி இனி ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நம் படுக்கையறை மாடியில் இருக்கிறது. கீழே சமையலறை, குளியலறை, ஸ்டோர் ரூம் போக மனுஷி படுக்கிற மாதிரி இருப்பது முன்னறை ஒன்றுதான். அங்கே உங்கள் மேசையும் ஸ்பீக்கர்களும் செத்துப்போன ரேடியோ வால்வுகளும் குடியிருக்கின்றன.

நான் வர வேண்டுமென்றால் முன்னறையில் என் கட்டிலைப் போடுங்கள். "அங்க உக்காராத, வயர் இருக்கு", "அதத் தொடாத, ஷாக் அடிக்கும்" என்று கேட்டே பழகிய எனக்கு இதைக் கேட்க நாக்கு எழவில்லை. தங்கைதான், "உன் வீடுதானேக்கா, எழுது" என்றாள்.

டீச்சர்


2 பிப்ரவரி 1992

அன்புள்ள டீச்சருக்கு,

நீ எழுதியதைப் பலவிதமாக யோசித்துப் பார்த்தேன். மாடியறை வெயில் காலத்தில் கொதிக்கும், வால்வுகள் தாங்காது. மேசையோ தேக்கு. அதை மேலே ஏற்ற நாலு ஆள் வேண்டும். முன்னறையில் எர்த் அவ்வளவு நன்றாக அமைந்திருக்கிறது, அதை விட்டால் மறுபடி கிடைக்காது.

ஆனால் நான் சும்மா இருந்துவிடவில்லை. ஸ்டோர் ரூமைக் காலி செய்து வெள்ளையடித்துவிட்டேன். கட்டில் தாராளமாகக் கொள்ளும். ஜன்னல் இல்லாத குறைக்கு ஃபேன் மாட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று. உனக்காகவே ஒரு பெட்டி செய்திருக்கிறேன். உன் தலைமாட்டில் ஒரு மைக் இருக்கும். நீ வாயைத் திறந்தால் போதும், முன்னறையில் என் பாட்டு தானாக நின்றுவிடும், ஸ்பீக்கரில் உன் குரல் வரும். பக்கத்து வீட்டு நர்ஸை ஸ்டோர் ரூமில் நிற்கவைத்துப் பேசச் சொன்னேன். "என்ன சார் பேசறது?" என்று முணுமுணுத்தாள். காதோரம் நின்று பேசியது போல் இருந்தது. இனிமேல் நீ கூப்பிட்டு எனக்குக் கேட்கவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை.

உன்,
என்ஜினியர்


11 பிப்ரவரி 1992

என்ஜினியர் அவர்களுக்கு,

அன்றைக்கு நடந்ததை நான் இதுவரை உங்களிடம் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

குளியலறையில் வழுக்கி விழுந்ததும் "என்னங்க" என்றுதான் கூப்பிட்டேன். பிறகு கத்தினேன். கடைசியில் "யாராவது வாங்களேன்" என்றேன். புருஷன் வீட்டில் இருக்கும்போதே யாராவது என்று கூப்பிட வேண்டியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நர்ஸுக்குக் கேட்டது. பின்கதவை இடித்துத் திறந்து வந்தாள். என் தலைக்கு அடியில் துண்டை மடித்து வைத்துவிட்டு உங்களைக் கூப்பிட ஓடினாள். நீங்கள், "ஒரு நிமிஷம்மா, இந்தப் பாட்டு முடியட்டும்" என்றீர்கள். அவள் வந்து சொன்னதல்ல. அவள் திறந்த கதவு வழியாக, பாட்டையும் மீறி, தரையில் கிடந்த எனக்கே கேட்டது.

இப்போது மைக் செய்திருக்கிறீர்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தாலே போதும் என்று உங்களுக்குத் தோன்றவில்லை. இங்கே நான் இருமினால், "என்னக்கா?" என்று தங்கை வந்து நிற்கிறாள்.

சாமான்களோடு சாமானாக ஸ்டோர் ரூமில் கிடக்க நான் வரவில்லை. என் துணிமணிகளை நர்ஸிடம் கொடுத்தனுப்புங்கள்.

டீச்சர்


3 மார்ச் 1992

அன்புள்ள டீச்சருக்கு,

நர்ஸ் எதற்கு வந்தாள் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா? இதை எழுதி எழுதிக் கிழித்துப்போட்டேன்.

முன்னறையைக் காலி செய்துவிட்டேன். மேசையை அறுத்துத்தான் மாடிக்கு ஏற்ற முடிந்தது. ஜன்னலோரம் உன் கட்டிலைப் போட்டிருக்கிறேன், வெளிச்சம் நன்றாக வருகிறது. இதை நேரில் சொல்லலாம் என்று ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தேன்.

வாசலில் நிற்கும்போது உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் கிழிந்திருக்கிறது போலும், தாளம் விழும்போதெல்லாம் படபடவென்று அடித்தது. கூடவே யாரோ பாடினார்கள். தங்கை என்றுதான் நினைத்தேன். ஜன்னலில் பார்த்தால் நீ. கண்ணை மூடிக்கொண்டு, காலால் தாளம் போட்டுக்கொண்டு பாடினாய். நீ பாடுவாய் என்பதே எனக்குத் தெரியாது. உள்ளே வந்தால் நிறுத்திவிடுவாய் என்று தோன்றியது. அப்படியே திரும்பிவிட்டேன்.

ரேடியோவை யாரிடமாவது கொடுத்தனுப்பு. ஸ்பீக்கரை மாற்றித் தருகிறேன்.

கட்டில் போட்டது போட்டபடி இருக்கிறது.

உன்,
என்ஜினியர்


10 மார்ச் 1992

என்ஜினியர் அவர்களுக்கு,

ரேடியோவுக்கு ஒன்றும் இல்லை. அது எனக்குப் போதும்.

மேசையை அறுத்தது உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை நான் குறைத்துப் பேசவில்லை. விழுவதற்கு முன்னால் அந்த ஜன்னலோரம் எனக்குக் கிடைத்திருந்தால் சந்தோஷமாக உட்கார்ந்திருப்பேன். இப்போது அந்த வீட்டை நினைத்தாலே தரையின் ஈரம்தான் முதுகில் ஏறுகிறது. நான் வர மாட்டேன். இனிமேல் கடிதமும் வேண்டாம்.

நீங்கள் வந்ததைத் தங்கை பார்த்துவிட்டாள். "அக்கா, அத்தான் திரும்பிப் போறாரு, கூப்பிடட்டுமா?" என்றாள். வேண்டாம் என்று சொன்னது நான்தான். தெருமுனை திரும்புகிறவரை உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சட்டைக்கு முதுகில் தையல் விட்டிருக்கிறது. அங்கே தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

டீச்சர்