சிவப்புச் சோதனைப் பை

மார்ச் 3

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நலமா? நேற்று தொலைக்காட்சியில் உங்களைப் பார்த்தோம். ரயில்வே பாதுகாப்புப் பிரிவில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் சொன்னால் யார் நம்ப மாட்டார்கள்? ரயில் நிலையத்தில் பைகளைச் சோதிக்கும் எந்திரம் குண்டைக் காட்டாது, சோதனைக்காக வைக்கும் போலிக் குண்டு எப்போதும் ஒரே சிவப்புப் பையில் வருவதால் காவலர்கள் நிறத்தைப் பார்த்தே பிடித்துவிடுகிறார்கள் என்றீர்கள். இன்று நிலையத்தில் பாதிக் கூட்டம்கூட இல்லையாம். அம்மா இரண்டு பேருந்து மாறி வேலைக்குப் போகிறாள். காவலரான அப்பா மட்டும் அதே எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். "அண்ணனுக்கு என் ஞாபகமே வரலையா?" என்று கேட்டார்.

நீங்கள் சொன்னது உண்மையா?

உங்கள் புத்தகப்புழு

மார்ச் 9

என் புழுவுக்கு,

உண்மைதான். அந்தப் பையை வாங்கிக் கொடுத்ததே நான். ஆறு வருடம் 'சோதனையில் தேறியது' என்று கையெழுத்தும் போட்டேன். பதவியில் இருந்தவரை வெளியே சொல்ல வாய் வரவில்லை. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். தம்பியை வேறு இடத்துக்கு மாற்றல் கேட்கச் சொல்.

பெரியப்பா

மார்ச் 16

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வியாழக்கிழமை கேமராக்களுக்கு முன்னால் சோதனை வைத்தார்கள். அப்பா பத்துக்குப் பத்து பிடித்தார். கேமராக்கள் அவர் முகத்தைத்தான் காட்டின, பைகளைக் காட்டவில்லை. கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். "திரையில ஒண்ணுமே தெரியலம்மா. அதே சிவப்புப் பையைப் பார்த்துத்தான் சொன்னேன்" என்றார்.

கூட்டம் திரும்பிவிட்டது. என் வகுப்பில் பதினேழு பேர் ரயிலில் வருகிறார்கள். "உங்கப்பா இருக்கும்போது எங்களுக்கு என்னடி பயம்?" என்கிறார்கள். உங்கள் பேச்சை எடுத்தால், "பதவி போன கடுப்புல பேசறார்" என்று சிரிக்கிறார்கள். அந்த ஆறு வருடத்தையும் நீங்கள் வெளியில் சொன்னால்தான் நம்புவார்கள். சொல்வீர்களா? தினமும் முதல் மணி அடித்ததும் பதினேழு பேரையும் எண்ணிப் பார்க்கிறேன்.

உங்கள் புழு

ஏப்ரல் 2

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பதில் வரவில்லை. மூன்று முறை கூப்பிட்டும் நீங்கள் போனை எடுக்கவில்லை.

உங்கள் கடிதத்தை அப்பாவிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "இது வெளிய வந்தா அண்ணனுக்கும் சிக்கல், எனக்கும் வேலை இருக்காது" என்றார். அப்புறம், கேமரா முன்னால் தான் செய்ததை அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை செய்தித்தாள் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டோம். உங்களுக்குத் தெரியாமல் நடக்கக் கூடாது என்று இந்தக் கடிதத்தோடு ஒரு பிரதி வைத்திருக்கிறேன்.

அனுப்பச் சொல்லிக் கேட்டது நான். அப்பாவைக் கோபிக்காதீர்கள்.

இப்போதெல்லாம் படியில் காலடிச் சத்தம் கேட்டாலே, அப்பாவைத் தேடி அதிகாரிகள் வந்துவிட்டார்களோ என்று மூவரும் பேச்சை நிறுத்திவிடுகிறோம். நீங்கள் வருவதாக இருந்தால் வெளியிலிருந்தே குரல் கொடுங்கள். அப்போதுதான் கதவைத் திறப்பேன்.

உங்கள் தம்பி மகள்