காலில் கட்டிய அரிசி

தாம்பரம்,
12-8-1969

அன்புள்ள சௌந்தரிக்கு,

கர்த்தர் கிருபையில் நான் சுகம். உனக்கும் பிள்ளைகளுக்கும் சுகம்தானே? உன் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் நல்லபடி முடிந்ததா?

என் முழங்காலை நினைத்துக் கவலைப்படாதே. மூட்டுத் தேய்மானம்தானாம். படுத்தே கிடந்தால் இன்னும் இறுகிப்போகும், பயிற்சி செய்தால் வலி குறையும் என்று ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி அம்மா சொல்லிவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, கணுக்காலில் சின்ன மணல் பையைக் கட்டி, காலை மெதுவாக நீட்டி மடக்கவேண்டும்.

மணலுக்கு நான் எங்கே போவேன்? ரேஷன் அரிசியைப் பையோடு கட்டிக்கொண்டேன். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்ல வந்த வீட்டுக்கார அம்மா செல்லியம்மாள் பார்த்துவிட்டார்.

"துன்ற அரிசியக் கால்ல கட்டிக்கினு ஆட்டுறீங்களே சார், இது இன்னா அநியாயம்?"

பையைப் பிடுங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மத்தியானம் அதே அரிசியை வடித்து எடுத்துவந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் நான் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் பயிற்சி முழுக்க வயிற்றுக்குத்தான்.

ஆனாலும் வலி குறைந்திருக்கிறது. ஸ்டேஷன் படியைக் கம்பி பிடிக்காமல் ஏறுகிறேன். கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டுப் படியும் அப்படியே ஏறுவேன்.

செல்லியம்மாளே இப்போது மணல் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார். பைதான் தைக்கவேண்டும். உன் பழைய நீலச் சேலையில் ஒரு துண்டு கிழித்து அனுப்பு.

தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். தாம்பரத்துக் கடையில் துணி கிடைக்காதா என்று கேட்காதே. கிடைக்கும்.

உன்,
சத்தியநாதன்