மாப்பிள்ளையின் கால் நகம்

செவ்வாய், இரவு.

இப்படி ஆகும் என்று நான் அன்றே சொன்னேன். ஈரச் சாக்ஸோடு போச்சம்பள்ளி கம்பெனியில் வேலைக்குக் கொடுத்த ஷூவை மாட்டினால் நகத்தில் பூஞ்சை பிடிக்கும் என்று தங்கை வீட்டுக்காரரிடம் முதலில் சொன்னதே நான்தான். டாக்டர் எனக்குப் பிறகுதான். ஆனால் அவர், கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு மாத்திரையைத் தொடங்கச் சொன்னார். ஒரு ஷிப்ட் வீணாகுமே என்று மாப்பிள்ளை தயங்கினார்.

“டெஸ்ட்டெல்லாம் எதுக்கு மாப்ள? இதே மாத்திரைய மாசக்கணக்குல முழுங்கினவன் நானு. நம்ம ஈரல் கல்லையே செரிக்கும்” என்றேன்.

இன்று அவர் கண் மஞ்சளாக இருக்கிறது. தங்கை மாத்திரையைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

“காலையில ஆஸ்பத்திரிக்கு நீயும் வாண்ணா. நீ சாப்புட்டப்ப எப்படி இருந்துச்சுன்னு டாக்டர்கிட்ட சொல்லு.”

சரி என்று தலையாட்டினேன். எனக்கு நகத்தில் பூஞ்சை வந்ததே இல்லை.