உப்புக்காரர் கேட்ட மழை

இன்று காலை குசினியில் உப்புச் சட்டியின் மூடியைத் திறந்தேன். உப்பு கசிந்து, சட்டியின் அடியில் தண்ணீர் நின்றது. வெளியே வெயில் காய்கிறது, வானத்தில் பொட்டு மேகம் இல்லை. ஆனாலும் மழை வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். மச்சான், நீங்கள் ஒரு நாளும் மழையை வானத்தில் தேடியதில்லை. சட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்து, "கிட்டடியில வரும் புள்ள" என்பீர்கள். வந்துவிடும்.

நீங்கள் இல்லாமல் வருகிற முதல் மாரி இது. போன மாரியில், கொட்டுகிற மழைக்குள்ளேதான் உங்களைக் கொண்டுபோய் அடக்கினார்கள். உயிரோடு இருந்த காலமெல்லாம் மழைக்குப் பயந்த மனிதரை, போகிற வழியிலும் அது விடவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது. யாரிடம் போய்ச் சொல்ல? இந்தத் தோப்பூரில் மழையைக் கோபிக்கிற ஒரே வீடு நம்முடையதுதான்.

நம் பக்கத்து வழக்கப்படி நீங்கள் மாப்பிள்ளையாக என் வீட்டுக்கு வந்தீர்கள். வாப்பா வயல்காரர். நீங்களோ நிலாவெளிப் பக்கத்து உப்பளத்தில் வேலை செய்கிறவர். கோடையின் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியதும் மூதூருக்குப் போய், லோஞ்சுப் படகில் குடாவைக் கடந்து, திருகோணமலையில் பஸ் ஏறிவிடுவீர்கள். கோடை முழுக்க உப்பளத்துக் கொட்டிலில் படுக்கை. முதல் மழை விழுந்தால்தான் வீடு. "மழை வந்திட்டு, இனி மாப்பிள்ளையும் வந்திருவாரு" என்று வாப்பா வாசலில் நின்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. மழைதான் உங்களைக் கொண்டுவரும், ஆனால் காலத்துக்கு முந்தி வந்துவிட்டால் வெறுங்கையோடு கொண்டுவரும். அதை வா என்று கூப்பிடுவதா, நில் என்று சொல்வதா என்று தெரியாமலே நான் குடும்பம் நடத்தினேன்.

நம் மூத்த மகள் நடக்கத் தொடங்கியிருந்த வருஷம் உங்களுக்கென்று ஒரு பாத்தி கிடைத்தது. குத்தகைதான். ஆனாலும் அதுவரை அடுத்தவன் பாத்தியில் உப்பு வாரிய மனிதருக்கு அது ராச்சியம். என்னையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினீர்கள். கண் கூசுகிற வெயில், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. கடல் தண்ணீரை உப்பளத்தின் முதல் பாத்தியில் விட்டிருந்தார்கள். அதில் சின்ன மீன்கள் துள்ளின. அடுத்த பாத்தியில் மீன் இல்லை. அதற்கும் அடுத்ததில் தண்ணீர் சிவந்து கிடந்தது. கூனி இறாலிலும் சின்னதாக ஏதோ பூச்சி அதற்குள் நெளிந்தது. அதைத் தின்னத்தான் பூநாரைகள் நீட்டுக்கு நின்றன. கடைசியில் இருந்த உங்கள் பாத்தியில் ஒரு சீவனும் இல்லை, வெள்ளை உப்பு மட்டும்.

"இவ்வளவு கரிச்ச தண்ணிக்குள்ளயும் பூச்சி இரிக்கே மச்சான்?" என்றேன்.

"அதுக்கு இதுதான் சுகம். மழை பெஞ்சு தண்ணி நல்லதாப் போனா அது செத்திரும், கொக்கும் பறந்திரும். உங்கட பக்கம் பாரு, குளம் வத்தினா விரால் சேத்துக்குள்ள புதைஞ்சு மழையப் பாத்துக் கிடக்கும். தண்ணி ஒண்டுதான் புள்ள. அது போனா எங்கட பக்கம் சீவன், வந்தா உங்கட பக்கம் சீவன்."

அப்படிச் சொல்லிச் சிரித்தீர்கள். எந்தப் பக்கம் உங்கள் பக்கம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அந்த வருஷம்தான் மாரி பொய்த்தது. வர வேண்டிய மாதத்தில் மழை வரவில்லை. புழுதியில் விதைத்த நெல் முளைத்து, விரல் உயரத்தில் நின்று மஞ்சளானது. மாடுகளின் விலா எலும்பு தெரிந்தது. அங்கேயோ உங்கள் பாத்தியில் உப்பு தடித்துத் தடித்து விளைந்தது. வாரிக் குவித்துவிட்டீர்கள். ஏற்றிப்போக லொறி வரவேண்டும், உங்கள் முறை இன்னும் வரவில்லை. அந்தக் குவியல் கரை சேர்ந்தால் அடுத்த வருஷமும் பாத்தி உங்களுக்கு. கரைந்தால் பழையபடி கூலி.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "உப்புக்காரன் ஒருத்தன் மழை வேணாமெண்டு கேட்டுக்கிட்டு இரிக்கக்குள்ள, எப்பிடிப் பெய்யிற?" என்று கிணற்றடியில் என் காதுபடவே பேசினார்கள். வாளியைக் கிணற்றுக்குள் எறிந்துவிட்டு வந்தேன். பிறகு தம்பிதான் அதை எடுத்துத் தந்தான்.

மழை தேடி வெளியில் தொழுவதென்று பள்ளிவாசலில் முடிவானது. அதே நாள் பார்த்துத்தான் நீங்களும் வந்து சேர்ந்தீர்கள், குவியலை மூடத் தென்னோலைக் கிடுகு வாங்கிப்போக. வாசலில் வாப்பா சால்வையோடு நின்றார். உங்களைக் கண்டதும் அவருக்கு முகம் ஒரு மாதிரியாகிவிட்டது.

"மருமகன், நீங்க வராட்டி நான் குறை நினைக்க மாட்டன். உங்கட நிலைமை எனக்கு விளங்குது."

நீங்கள் கால் கழுவினீர்கள். உப்புத் தின்ற கால், விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. "உப்ப மட்டும் திண்டு சீவிக்க ஏலாதே மாமா. வாறன்" என்றீர்கள். வாப்பா தன்னுடைய மற்றச் சால்வையை எடுத்து உங்கள் தோளில் போட்டார்.

காய்ந்த வயலில் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். மாடுகளையும் ஆடுகளையும் கொண்டுவந்து பக்கத்தில் விட்டிருந்தார்கள். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். தொழுகை முடிந்து எல்லோரும் சால்வையைப் புரட்டிப் போட்டார்கள். இந்த நிலைமை புரளட்டும் என்று அதற்கு அர்த்தமாம். நீங்களும் புரட்டிப் போட்டீர்கள். மழை கேட்கும் முறைப்படி கையைக் கவிழ்த்து ஏந்தினீர்கள். உதடு அசைந்தது. என்ன கேட்டீர்கள் என்று வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கவில்லை.

மறுநாள் கிடுகுக் கட்டுகளோடு லோஞ்சு ஏறினீர்கள். நடுக் குடாவில் மழை பிடித்தது. அதைப் பிறகு நீங்கள்தான் சொன்னீர்கள். லோஞ்சில் இருந்த சனமெல்லாம் முகத்தை வெளியே நீட்டி நனைந்ததாம். முன்பின் தெரியாத மூதூர் மனிதர் ஒருவர் சந்தோஷம் தாங்காமல் உங்களைக் கட்டிப்பிடித்தாராம். "நானும் சிரிச்சனான் புள்ள. அந்த மனிசன்ட வயலும் வயல்தானே" என்றீர்கள். காலடியில் கிடுகு நனைந்துகொண்டு கிடந்திருக்கிறது. நீங்கள் போய்ச் சேர்ந்தபோது குவியல் இருந்த இடத்தில் வெள்ளைச் சேறுதான் மிச்சம். பூநாரைகளும் போய்விட்டன.

வீட்டுக்கு வந்து யாரோடும் ஒரு கடுஞ்சொல் பேசவில்லை நீங்கள். அறுவடையில் முதல் மூட்டையை வாப்பா தானே சுமந்து வந்து நம் குசினியில் இறக்கிவிட்டு, உங்களை நிமிர்ந்து பார்க்காமல் போனார். அன்று சமைத்த சோற்றைப் பிசைந்துகொண்டு, "நல்ல அரிசி" என்றீர்கள். அப்போதுதான் கேட்டேன்.

"அண்டைக்குக் கையேந்தி என்ன மச்சான் கேட்டீங்க?"

"எல்லாரும் கேட்டததான் கேட்டனான். கடைசியில ஒரு சொல்லு மட்டும் சேத்தன், நிலாவெளிப் பக்கம் கொஞ்சம் பிந்தட்டுமெண்டு."

பிந்தவில்லை. பாத்தி கை மாறியது. அதன் பிறகு கடைசி வரை அடுத்தவன் பாத்தியில்தான் உப்பு வாரினீர்கள். அந்த வெள்ளை வெயில் கண் பார்வையையும் மெல்ல மெல்லக் கொண்டுபோனது. வாப்பா மௌத்தானபோது உங்களைவிட அழுதவர் யாருமில்லை.

உங்களுடைய அந்தச் சொல்லை நான் எடுத்துக்கொண்டேன். கச்சான் ஓய்கிற காலத்தில் தொழுதுவிட்டு மழை கேட்கும்போதெல்லாம், முடிக்குமுன் மெதுவாக அதையும் சேர்த்துவிடுவேன். சில வருஷம் பலித்தது, சில வருஷம் இல்லை. நான் விடவில்லை. வயல்காரர் மகளாக மழையைக் கேட்டு, உப்புக்காரர் பெண்சாதியாக அதைக் கொஞ்சம் பிடித்து வைப்பது எனக்குப் பழகிப்போனது.

இந்த வருஷமும் மழை பிந்திவிட்டது. பெண்கள் வீட்டிலிருந்து துஆக் கேட்கும்படி நேற்றுப் பள்ளிவாசலில் சொன்னார்கள். பாயை விரித்துக் கேட்டேன். ஊருக்குக் கேட்டேன், மாடு கன்றுக்குக் கேட்டேன், தம்பியின் வயலுக்குக் கேட்டேன். கடைசிச் சொல்லுக்கு வந்ததும் வாய் நின்றுவிட்டது. அந்தப் பக்கத்தில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

கல்யாணம் முடித்த நாளிலிருந்து முதல் தடவையாக, எந்தப் பக்கத்தையும் விலக்கி வைக்காமல் முழு மனதோடு மழை கேட்டேன். அப்படிக் கேட்க ஏலுமாய்ப் போய்விட்டதே என்றுதான், பாயைச் சுருட்டாமல் அதிலேயே இருந்து அழுதேன்.